உட்கார்ந்து வாசிக்க வேண்டிய போட்டி

"உக்காந்தா எனக்கு வாசிக்க வராதுக்கா."

மும்பை லோக்கல் ரயிலில், சயான் ஸ்டேஷனில் பெண்கள் பெட்டியில் ஏறிய இருவரில் இளையவள்தான் இப்படிச் சொன்னாள். அவள் கையில் கிளாரினெட், மூத்தவள் தோளில் டிரம்பெட் பை. இருவரும் தாராவி பேண்டில் வாசிக்கிறவர்கள் என்பதும், முலுண்டில் ஒரு போட்டிக்குப் போகிறார்கள் என்பதும் பேச்சிலிருந்து தெரிந்தது.

"போன வருசம் நடந்து வாசிச்சுக் கப்பு வாங்கினோம்லா. அதனாலதான் இந்த வருசம் மேடைக்கு ஏத்திருக்காங்க. மேடைன்னா நாற்காலிதான்," என்றாள் மூத்தவள்.

"நாம என்னைக்கு உக்காந்து பழகினோம்? நாம பழகுற ரூம்ல பத்து பேரு உக்கார எடமில்ல. எப்பவும் ரோட்டுல நடந்துதான் வாசிக்கோம். இடது கால் விழும்போதுதான் நான் மூச்சே எடுப்பேன்."

"மேடையில காலைத் தட்டுனா மார்க்கை வெட்டிருவாங்க, ஏட்டி. முதல்ல தனியா வாசிக்கப் போறவ நீதான்."

குர்லாவில் ஓர் இடம் காலியானது. மூத்தவள் இளையவளின் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்து, அவள் பாதங்களின் மேல் டிரம்பெட் பையை வைத்தாள்.

"இப்ப வாசி."

இளையவள் ஊதாமல் விரல்களை மட்டும் ஓட்டினாள். பாதியில் விரல்கள் நின்றுவிட்டன. மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை கடைசிவரை போனாள்.

"எப்படிட்டி வந்துச்சு?"

"ஷூவுக்குள்ள பெருவிரலை அசைச்சேன். உனக்கே தெரியலல்லா?"

மூத்தவள் உடனே போனை எடுத்து, பேண்ட் குரூப்புக்குப் பேசி அனுப்பினாள்.

"ஏய், எல்லாரும் ஷூ போட்டுட்டு வாங்க. சப்பல்ல ஒருத்தரும் வரக்கூடாது."