பள்ளத்துக் கொட்டி

அங்கன எறங்காதீக மேடம். ஐயோ, செருப்பக் கழத்தாதீக, சொன்னாக் கேளுங்க. உள்ள பூராம் கண்ணாடிச் சில்லும் தகரமுமாக் கெடக்கு, காலக் கிழிச்சிரும். பாம்பு வேற இருக்கு. இல்ல, நான் பாத்ததில்ல. சொல்லிக்கிறாக.

இந்தா, இந்த உடைமர நெழலுக்கு வாங்க. எனக்குப் பேசவே வராது மேடம், அஞ்சாங்கிளாசோட நின்னவ. போன மாசம் நீங்க வீட்டுக்கு வந்தப்பவும் கதவுக்குப் பின்னாடி நின்னுதான பதில் சொன்னேன். இன்னைக்கு என்னமோ வாய் மூட மாட்டேங்குது.

கொட்டிக்கெழங்கு வேணும்னா நம்ம பெரிய கம்மாயில கெடக்கே, அங்க போயி எடுத்துக்கிடலாமே. அங்க எடுத்தாச்சா? தாயில்பட்டிப் பக்கமும் எடுத்துட்டீகளா? இருக்கன்குடி வரைக்குமா! ஆத்தீ, இந்த வெயில்ல ஒத்தப் பொம்பளப்பிள்ள ஒரு கெழங்குக்கு எம்புட்டுத் தூரம் அலையுறீக. அவிச்சுத் தின்னவும் மாட்டீக.

ஆமா, நீங்க சொன்னது நெனப்பிருக்கு. வேர் நுனிய நசுக்கிப் பெரிய கண்ணாடில வச்சுப் பாத்தா உள்ள நூல் நூலாத் தெரியும்னீக, குரோமோசோமோ என்னமோ ஒரு பேரு சொன்னீக. இங்கிட்டு இருக்க கம்மாய்க் கொட்டிக்கெல்லாம் ஒரே எண்ணிக்கதான், ஆலங்குளத்துக்கு மேக்க போனா அதுல ரெட்டிப்பா இருக்குன்னீக. நீங்க போனப்புறம் அடுப்பு முன்னாடி ஒக்காந்து அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். சோறு அடிப்பிடிச்சுப் போச்சு. பாத்தா ரெண்டுக்கும் ஒரே எல, ஒரே பூவு. உள்ளுக்குள்ள வேற வேறயாமேன்னு.

அதுக்கென்ன இப்ப? இந்தப் பள்ளத்துலயும் ரெட்டிப்பா? இதுல எப்ப எடுத்தீக மேடம்? நான் பாக்கலயே. கரையில நின்னு ஒண்ணே ஒண்ணுதானா? சரி, விடுங்க. எடுத்தது எடுத்தாச்சு.

கொக்கு தூக்கிட்டு வந்திருக்குமான்னா கேக்குறீக? கொக்கு மீனுக்குல்ல வரும். வெள்ளம் கொண்டாந்து போடுறதுக்கு இங்க வாய்க்காலும் இல்ல, சுத்தி ஒரே கரிசக்காடு. ஏ புள்ள சினேகா, ஓரத்துக்குப் போகாத, இங்கிட்டு வா.

எம் மகளுக்கு இந்த எல மேல அப்பிடி ஒரு ஆச. ஐப்பசில தண்ணி நின்னுச்சுன்னா ஒண்ணொண்ணா மேல வந்து விரியும்ல, கையத் தட்டுவா. கோடையில பள்ளம் வறண்டு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். அம்புட்டும் செத்துப்போச்சுன்னுதான் நெனப்போம். கெழங்கு மட்டும் அடியில மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கும் மேடம். மறுமழைக்கு வந்துரும். வராம இருந்ததே இல்ல.

மத்தியானம் ஆளு நடமாட்டம் இல்லாதப்ப வந்து நின்னா, எலைக்கு நடுவுல குமிழி வரும். ஒண்ணு வரும். கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு. இதுல மீனு கெடையாது, மருந்து ஊறுன மண்ணு, தவள கூட எறங்காது. ஆனா குமிழி வரும். நான் வந்து நின்னாத்தான் வருதோன்னு சமயத்துல தோணும்.

ஊர்ப் பெரியாளுக இந்தப் பக்கமே திரும்ப மாட்டாக. சின்னப்பயலுகதான் கெழங்கு தோண்ட வருவானுக. ஒருக்கா கல்ல எடுத்து எறிஞ்சுட்டேன். அதுலருந்து எனக்குக் கொட்டிக்காரின்னே பேரு. எங்க மாமியா கருப்பம்மாளும் வையும், எலையப் போயி ஆளு கணக்காக் காக்குறியேடின்னு.

நான்தான் வச்சேன் மேடம். கொக்கும் இல்ல, வெள்ளமும் இல்ல.

எங்காத்தா ஊரு ஆலங்குளத்துக்கு மேக்க, சிமெண்டு ஆலையத் தாண்டிப் போகணும். இவ வயித்துல இருக்கப்ப எது தின்னாலும் வாந்தி. எங்க ஊருக் கம்மாய்க் கொட்டி கெடச்சாத் தேவலன்னு வாய்தவறிச் சொல்லிட்டேன். இங்க உள்ளது அப்பிடி மாவா இருக்காது. இவ அப்பா அதக் காதுல வாங்கிக்கிட்டாக. ஞாயித்துக்கெழம லீவுல சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயி, வத்துன கம்மாயில முழங்கால் சேத்துல நின்னு ஒரு மஞ்சப்பை நெறையத் தோண்டியாந்தாக. எப்பவும் அவுக கை வெள்ளிப்பொடி ஒட்டி ஈயம் பூசுன பாத்திரமா மின்னும். அன்னைக்குச் சேறு அப்பித்தான் மனுசக் கையா இருந்துச்சு. பேரா? நான் எப்பிடிச் சொல்ல. ஏ புள்ள, மேடத்துக்கு அப்பா பேரச் சொல்லு. ம்... கேட்டுச்சா? அதான்.

பாதிய அவிச்சுத் தின்னேன். மீதி பச்சையாப் பையிலயே தொங்குச்சு. தீவாளி சீசன், ஆர்டர் நெருக்குதுன்னு மறுநாள் வெள்ளனயே வேலைக்குப் போனாக. பட்டாசுக் கம்பெனில மருந்து கலக்குற ரூம்ல வேல.

இந்தப் பள்ளம் மழை பறிச்சதில்ல மேடம். அந்த ரூமு இங்கனதான் இருந்துச்சு.

அன்னைக்கு வெடியில போன மத்த ஆளுகளுக்கு எலும்பாச்சும் பொறுக்கக் கெடச்சுச்சு. அவுகளுக்குச் செருப்புக்கூட அம்பிடல. ஆத்துல கரைக்க ஒண்ணுமில்லாமத்தான் காரியம் முடிஞ்சுச்சு. கம்பெனிக்காரக பூட்டிட்டுப் போயிட்டாக. மொத மழைக்கு இதுல தண்ணி நின்னுச்சு. வயித்துப்பிள்ளக்காரி அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னாக. போனேன். அவுக கையால தோண்டுன கெழங்கு, அவுக கை பட்டதுன்னு வேற என்ன மேடம் இருந்துச்சு. ஒண்ணொண்ணா சேத்துல அமுக்கிவிட்டுட்டு வந்தேன்.

அதான் எறங்க வேண்டாம்னேன். சில்லும் இல்ல, பாம்பும் இல்ல. இன்னும் ஒண்ணு வேணும்னா நானே எடுத்துத் தாரேன். மிதிபடாம எடுக்க எனக்குத் தெரியும். இவளக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க.

ஒண்ணு கேக்கட்டா? படிச்சவுக நீங்க, சிரிச்சிராதீக. எங்க ஊருக் கம்மாயிலயும் எடுத்திருக்கீகள்ல, அதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க மேடம். இது நாலு மழையா இந்த மண்ணத்தான தின்னிருக்கு. எங்க ஊரு எண்ணிக்க அப்பிடியே இருக்கா, இல்ல ஒரு நூலு கூடுதலா இருக்கான்னு எண்ணிச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு கூடுதலா இருந்தாப் போதும்.