இடது குதிகால்

எனக்கு மூக்கு ரொம்பக் கூர்மை, தம்பி. பால் திரியப் போகிறதென்றால் பாத்திரத்தைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். உங்கள் மேசை டிராயரில் எதையோ பாதி தின்றுவிட்டு மறந்திருக்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. பரவாயில்லை, நான் போன பிறகு எடுத்துப் போடுங்கள்.

இந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் என் வீட்டுக்காரரோடு குடும்பம் நடத்தினேன். மோசமான மனிதர் இல்லை. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. காலையில் நாக்கை வழிப்பார். சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். வழித்ததை வாஷ்பேசினில் அப்படியே விட்டுவிடுவார். மூக்கைச் சிந்தி என் துண்டில் துடைப்பார். கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டுவார். துணுக்குகள் என் தலையணைக்கு அடியில் கிடக்கும். கேட்டால், "என்ன, மகாராணிக்குக் குமட்டுதோ?" என்பார். குமட்டத்தான் செய்தது. வாயை மூடிக்கொண்டு பெருக்கினேன்.

பிறகு அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டோம் என்று டாக்டருக்குச் சந்தோஷம். "ஆபரேஷன் பண்ணிட்டா இன்னும் பல வருஷம் இருக்க வாய்ப்பிருக்கும்மா," என்றார். பல வருஷம். நான் நன்றி சொன்னேன்.

ஆனால் முதலில் ரத்தத்தைப் பார்க்க வேண்டுமாம். உடம்புக்குள் எவ்வளவு அழற்சி என்று அது காட்டிக்கொடுத்துவிடுமாம். வெள்ளை அணுக்களில் ஒரு வகை ஏறி இன்னொரு வகை இறங்கினாலும், சி.ஆர்.பி. என்று ஒன்று கூடினாலும் இந்த நோயில் நல்லதற்கில்லை. அப்படிப்பட்டவர்களில் பலர் கத்தி வைத்தும் அதிக நாள் தங்குவதில்லை என்று பொறுமையாக விளக்கினார். "ஆனா வேற எங்கயாவது சீழ்ப் புண்ணு, சொத்தைப் பல்லு இருந்தாலும் இது ஏறும். அந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

"இருக்கிற ஒரே கிருமி இவதான், டாக்டர்," என்றார் என் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஒண்ணும் இல்லீங்க," என்றேன்.

அவருடைய இடது குதிகாலில் ஒரு கொப்புளம் இருந்தது. சர்க்கரை நோயில் பாதத்தில் உணர்ச்சி போயிருந்தது. வயிற்றுவலியில் அவரால் குனிந்து பார்க்கவும் முடியாது. காலைக் கழுவி சாக்ஸ் மாட்டிவிடுவது நான்தான். கொப்புளம் தானாகத்தான் உடைந்தது, தம்பி. நான் கட்டுத்துணியை மாற்றாமல் விட்டேன், அவ்வளவுதான். பிறகு அது ஆறத் தொடங்கியது. பொருக்கைப் பிய்த்துவிட்டு, சீழ் ஊறிய பழைய துணியையே திரும்பச் சுற்றினேன். காய்ச்சல் அடித்தால் மாத்திரை கொடுத்தேன்.

"என்னடி, ஏதோ நாறுது?" என்பார்.

"உங்க மூக்குக்கு எப்பலேர்ந்து வாசனை தெரியுது?" என்பேன்.

ரத்தத்தில் எல்லாம் ஏறியிருந்தது. டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நெஞ்சைப் படம் எடுத்தார், சிறுநீரைச் சோதித்தார், என்னை மறுபடி கேட்டார். அவருக்குக் கால் குளிரும் என்று சாக்ஸைக் கழற்ற விடாமல், நான் மறுபடி இல்லை என்றேன். அப்படியானால் நோய்தான் உள்ளே கொதிக்கிறது என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்து, மருந்து ஏற்றிப் பார்த்தார். அடுத்த சோதனையும் அப்படியே. அதற்குள் கட்டி ரத்தக்குழாயைச் சுற்றி வளைத்துவிட்டது. இனிக் கத்தி வைக்க முடியாது என்றார்கள்.

அந்தக் கத்தியிலிருந்து அவரைக் காப்பாற்றினேன் என்றுதான் நான் நினைக்கிறேன். எத்தனை பேர் அறுத்துக்கொண்டு சித்திரவதைப்படுகிறார்கள். அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் நாறிப் போயிருப்பேன்டி," என்று அழுதார். கண்ணீரோடு சளியும் வந்தது. துடைத்துவிட்டேன்.

ஆமாம், அந்தப் புண்ணை ஆற விடாமல் வைத்திருந்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் தம்பி.

அவர் போன பிறகு சாக்ஸைக் கழற்றிய நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பாவம், சின்னப் பெண். எலும்பு தெரிந்தது என்று உங்களிடம் சொன்னாளாமே. தெரியும், தினமும் குனிந்து, கிட்டத்தில் முகம் வைத்துப் பார்ப்பேன். எனக்கு ஒரு நாளும் குமட்டவில்லை. அவரிடமிருந்து வந்த வாடைகளில் அது ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது.