புது செல் போட்டாச்சு

முதலில் ஒரு சின்ன விஷயம் ஐயா. உங்கள் ஸ்டேஷன் சுவர்க் கடிகாரம் பிந்தி ஓடுகிறது. குறை சொல்லவில்லை, கண்ணில் பட்டது. எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதித் தா என்றீர்கள். கன்னடம் பேச வரும், எழுதத் தமிழ்தான். எங்கள் ஊர் கௌதள்ளிப் பள்ளிக்கூடத்தில் எதையும் வரிசையாக எழுதப் பழக்கினார்கள். உங்கள் கான்ஸ்டபிள் லிங்கப்பன் கொள்ளேகால்காரர், தமிழ் தெரியும், படித்துச் சொல்லிவிடுவார்.

நான் உதயகுமார். நஞ்சன்கூடு ரோட்டில் பட்டுக்கூடு உலர்த்தும் ஆலையில் எலக்ட்ரீஷியன். கூட்டை அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் புழு பூச்சியாகித் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும், நூல் வீண். அதற்கு அந்த எண்ணம் வருவதற்கு முன்பே இரும்பு அறையில் அடுக்கி அனல் விடுகிறோம். அதை யாரும் கொலை என்பதில்லை. அந்தப் பட்டை உடுத்திக்கொண்டுதான் கல்யாணத்துக்குப் போகிறோம்.

அனல் விடுவது ராத்திரியில் மட்டும். பகலில் கரண்ட் எப்போது இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எப்போது ராத்திரி என்று முடிவு செய்வது கன்ட்ரோல் பெட்டிக்குள் இருக்கும் ஒரு கடிகாரச் சிப். பக்கத்தில் அரிசி மாதிரி ஒரு கிரிஸ்டல் துடித்துக்கொண்டே இருக்கும். சிப் அந்தத் துடிப்பை எண்ணி நேரம் சொல்லும். கரண்ட் போனாலும் எண்ணுவதை விடாது, போன கணமே பட்டன் செல்லுக்கு, பக்கத்திலிருக்கும் குட்டி பேட்டரிக்கு, மாறிக்கொள்ளும். மிகக் கொஞ்சமாகத்தான் குடிக்கும், ஒரு செல் பல வருஷம் வரும். ஆனால் செல் செத்துவிட்டால், கரண்ட் திரும்பி வரும்போது எங்கள் சிப்புக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதாவது நள்ளிரவு.

எங்கள் செல் செத்துப் போனது. முறைப்படி எஞ்சினியர் மதனுக்குக் கடிதம் எழுதினேன். மைசூர் விஜயநகர்ப் பையன், டிப்ளமா, நல்ல சிரிப்பு. கேன்டீனில் எல்லார் முன்னாலும் எடுத்துப் படித்தார்.

"ஏன்ரீ உதயகுமார், ஒரு பட்டன் செல்லுக்கு மூணு பக்கமா? 'தங்கள் மேலான கவனத்திற்கு'... இது செல்லுக்கா, பொண்ணு கேட்டா?"

சிரித்தார்கள். கூடு பிரிக்கும் பூங்குழலியும் சிரித்தாள். "அண்ணா, பொண்ணு வீட்லருந்து பதில் வந்துச்சா?" என்று மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். நல்ல நகைச்சுவைக்கு ஆயுள் அதிகம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், மதன் கெட்டவர் அல்ல. அந்த வாரமே மைசூரிலிருந்து ஸ்கூட்டரில் செல் வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "இந்தாங்க, உங்க காவியத்துக்குப் பரிசு." அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் என் சட்டைப் பையிலிருந்து எடுத்தது அந்தச் செல்தான். நல்ல செல், மீட்டரில் வைத்துப் பார்த்தேன். தொலைத்துவிடாதீர்கள்.

எங்கள் முதலாளிக்கு நேரம் வீணானால் பிடிக்காது. லோட் ஷெட்டிங் வந்ததும் அந்த அனல் அறைக்குள் போய்க் கூட்டிப் பெருக்குவது வழக்கம். கரண்டே இல்லை, மெயின் ஸ்விட்சை எதற்கு இறக்குவது என்பது எல்லாருடைய அறிவும். நான் மட்டும் இறக்கி வைப்பேன். உள்ளே போனவர்கள் வெளியே வந்த பிறகுதான் ஏற்றிக் கடிகாரத்தைத் திருத்துவேன். அதற்கு யாரும் கேன்டீனில் கைதட்டியதில்லை.

அன்று மத்தியானம் கரண்ட் போனது. உள்ளே விசிறியில் ஏதோ சத்தம், பார்க்க வேண்டும் என்று மதன் வந்தார். கூட்டப் போன கெம்பம்மாவை டீ குடிக்க அனுப்பியது நான்தான். பாவம், அவள் சிரித்ததில்லை.

கதவருகே மதன் நின்றார். "செல் மாத்தியாச்சு தானே?"

"புது செல் போட்டாச்சு சார். ஆராமா, பயமில்லாம போங்க."

"நீங்க சொன்னா சரி. எதுக்கும் எழுத்துல குடுத்துடுங்க," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

மெயினை நான் இறக்கவில்லை. மைசூர்ப் பக்கம் கரண்ட் போவதற்குத்தான் நேரம் உண்டு, வருவதற்குக் கிடையாது. சீக்கிரமே வந்துவிட்டது. சிப் கண் விழித்தது: நள்ளிரவு. ராத்திரி என்றால் அனல் விட வேண்டும், அனல் விட்டால் கதவு தானாகச் சாத்தித் தாழ் விழ வேண்டும். அது தன் வேலையைச் செய்தது. அதன் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் 'பழுதான செல்லால் விபத்து' என்று முதலாளி எழுத வைத்திருக்கிறார். கைக்கெட்டும் இடத்தில் நல்ல செல் இருந்தது, தெரிந்தே போடாமல் வைத்திருந்தவன் நான். ஜடத்தின் மேல் பழி போடுவது முறையல்ல.

மெயின் ஸ்விட்ச் என் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது என்று பூங்குழலி சொன்னாளாம். உண்மைதான். அவள் ஓடிவந்து இறக்கும் வரைக்கும் அது மேலேயே இருந்தது. அவள் கொஞ்சம் தாமதமாக வந்தாள். அதன் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து தட்டியது கேட்டதா என்று மூன்று முறை கேட்டீர்கள். கேட்டது. முதலில் 'உதயகுமார்' என்றார். பிறகு 'உதயகுமார் சார்' என்றார். அந்த ஆலையில் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் அசட்டையாக நிற்கவில்லை ஐயா. பெட்டியின் முகப்பில் நேரம் பார்த்தேன். பன்னிரண்டு தாண்டிச் சில நிமிஷம். நடுராத்திரியில் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது என்றுதான் எங்கள் ஊரில் வளர்த்திருக்கிறார்கள்.