தாய்மாமன்களுக்கு ஒரே உடுப்பு

விழாவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் எங்கள் அறிவொளி வகுப்பு ஆசிரியை சுந்தரம்மாள் அவர்களே! கணினியில் தமிழ் எழுதும் செயலியை இராஜபாளையத்துக் கடையிலேயே உருவாக்கி, இன்று ஊரறிய வெளியிடும் தம்பி ஸுந்தரராஜன் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! மடியில் மழலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தூணில் சாய்ந்து நிற்கும் மில் தோழர்களே! பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் காலம் கழித்த மைதீன் பிச்சையின் ஸலாமும் வணக்கமும்.

முதலில் மன்னித்துவிடுங்கள். என் கையிலுள்ள தாளில் எழுத்தெல்லாம் டவுன் பஸ்ஸில் ஏறும் கூட்டம்போல இடித்துக்கொண்டு நிற்கிறது. எழுதியவனும் நானே, வாசிக்கத் திணறுபவனும் நானே. அறுபது தாண்டி அகரம் தொட்டவன். நிறுத்தி நிறுத்தித்தான் வாசிப்பேன். என்ன தம்பி அங்கே? "மெதுவா வாசிங்க பாய்" என்கிறீர்களா? எனக்கு வேறு வழி ஏது!

போன வருஷம் என் மகள் ஹபீபுன்னிசாவுக்குக் கல்யாணம். என் வாழ்நாளில் நானே வாசிக்கப்போகும் முதல் அழைப்பிதழ்! எத்தனை ஆசை, எத்தனை ஆனந்தம்!

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவோமா? மாட்டோம். கணினிக்காரர் தோளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருவோம். "அந்தப் பேரைச் செத்தப் பெருசாப் போடுங்க" என்போம். என் மனைவி நூர்பானுவின் அண்ணன், சோழபுரம் சேக் முகைதீன், காலையில் வந்து தன் பெயருக்கு அப்படிச் சொன்னார். அவள் தம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் அசன் முகம்மது, மதியம் வந்து தன் பெயருக்குச் சொன்னார். அண்ணன் சாயங்காலம் மறுபடியும் வந்து சொன்னார்! ஸுந்தரராஜனின் அன்றைய செயலியில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் திரையின் உச்சியில், கைக்கு எட்டிய இடத்தில், பளிச்சென்று இருந்தது. தொட்டால் பெரிதாகும், தொடத் தொடப் பெரிதாகும்.

மாதிரித் தாள் வீட்டுக்கு வந்தது. உறவெல்லாம் கூடியிருக்க, விரல் வைத்து நான் வாசித்தேன். டீச்சர் வகுப்பில், கரும்பலகையில் பெரிதாக எழுதியதைச் சேர்ந்து சத்தமாகச் சொல்வோம். சிறிதாக எழுதியதை முணுமுணுப்போம். எங்கே வாசித்தாலும் எனக்கு அதே பழக்கம். சேக் முகைதீன் பெயரை முழங்கினேன். அதன் பக்கத்தில் சிறுத்துப்போன அவர் தம்பி பெயரைத் தாழ்ந்த குரலில் சொன்னேன். என் மகள் பெயரை முணுமுணுத்தேன்.

"அத்தா, எனக்கு மாப்பிள்ளை யாரு? சோழபுரம் மாமாவா?" என்றாள் மகள்.

வீடே சிரித்தது. அசன் முகம்மது மட்டும் சிரிக்கவில்லை.

"மச்சான், எங்க அண்ணன் பேரைத் தெருவுக்கே கேக்க வாசிச்சீய. எம் பேரைக் கொசு காதுல சொன்ன மாதிரி சொல்லுதீய. அம்புட்டுத்தானா நான்? பந்தல்ல கால் வைக்க மாட்டேன்."

துண்டை உதறித் தோளில் போட்டார், போயே விட்டார். நூர்பானு அழுதாள். "எந் தம்பி நிக்காத கல்யாணம் எனக்கு எதுக்குங்க?" என்றாள். மறுநாள் அச்சுக்குப் போயாக வேண்டும். எனக்குக் கை ஓடவில்லை. கால் மட்டும் கணினிக் கடைக்கு ஓடியது.

ஸுந்தரராஜன் ஒவ்வொரு வரியாகத் திருத்தினார். பெயரைச் சரிசெய்தால் ஊர் சிறுத்தது. ஊரைச் சரிசெய்தால் பெண்ணின் பெயர் ஓரம் போனது. கடைசியில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"பாய், தப்பு மாமன்கள் மேல இல்ல. இந்தப் பொத்தானைக் கண்ணு முன்னால வச்ச எம்மேலதான். பார்த்தா யாருக்கும் அமுக்கத்தான் தோணும்."

கடையைச் சாத்தினார், உள்ளே உட்கார்ந்து விடிய விடியச் செயலியை மாற்றினார். மறுநாள் காலை அசன் முகம்மதுவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். திரையே மாறியிருந்தது! உச்சியில் இருந்த பொத்தானைக் காணோம். ஓரத்தில் பெயர் பெயராக ஒரு வரிசை: மணமகள், மணமகன், பெற்றோர், தாய்மாமன், நாள், இடம். ஒவ்வொன்றும் ஓர் உடுப்பாம். ஒரு வரியைத் தொட்டு அது யார் என்று சொன்னால் போதும். அதற்குரிய உடுப்பை, அதாவது எழுத்தின் அளவை, செயலியே மாட்டிவிடும்! எங்கள் தறியில் அகலத்தை ஒரு தடவை வைத்தால் ஓடும் துணியெல்லாம் அதே அகலம் அல்லவா? அப்படி.

"எம் பேரைப் பெருசாக்குங்க," என்றார் மைத்துனர்.

ஸுந்தரராஜன் உள்ளே எங்கோ தேடிப்போய் அந்தப் பொத்தானைத் தொட்டார். செயலி கேட்டது: 'தாய்மாமன் எல்லோருக்குமா?' ஆம் என்றார். இரண்டு பெயரும் சேர்ந்து வளர்ந்தன.

"ஏலே! நான் ஒரு இட்லி கேட்டா அண்ணன் இலையிலயும் ஒண்ணு வைக்குதே இந்த மிஷினு! சரி, அவரைக் குறைங்க."

"குறைச்சா நீங்களும் குறைவீய."

அசன் முகம்மது திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப ரெண்டு பேரும் சமமாவே இருந்துட்டுப் போறோம். கல்யாணம் எங்களுக்கா? எம் மருமக பேரைக் கூட்டுங்க!" என்றவர், மணமகள் உடுப்பைத் தன் விரலாலேயே பெரிதாக்கினார்.

எத்தனை பஞ்சாயத்து கூடியிருந்தாலும் இது நடந்திருக்குமா? ஒரு பொத்தான் இடம் மாறியது. ஒரு குடும்பம் தடம் மாறாமல் தப்பியது!

இன்னும் கேளுங்கள். அதே கடையில் தயாராகும் எங்கள் வகுப்புப் பாடநூலின் எழுத்து மங்கிய கண்களுக்குச் சிறிதாக இருந்தது. 'பாடம்' என்ற உடுப்பை மட்டும் ஸுந்தரராஜன் பெரிதாக்கினார். எல்லாப் பக்கமும் ஒரே நொடியில் எங்கள் கண்ணருகே வந்து நின்றது! இது இயந்திரத்தின் வேகமா? இல்லை. இது மனிதரின் யோசனை. 'எவ்வளவு பெரிசு' என்று கேட்கும் பொத்தானை உள்ளறையில் வைத்தார். 'நீ யார்' என்று கேட்கும் பொத்தானை வாசலில் வைத்தார். நாளைக்குச் செயலி செய்யப்போகும் பிள்ளைகளே, நீங்களும் அப்படியே வையுங்கள்! எது கைக்கு எட்டுகிறதோ, அதைத்தான் எங்கள் கை செய்யும்.

கல்யாணத்தன்று பந்தலில் முதலில் கால் வைத்தவர் யார் தெரியுமா? அசன் முகம்மது! அண்ணனுக்கு முன்பே வந்து, வாசலில் நின்று, "வாங்கண்ணே" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நூர்பானு அன்றைக்கும் அழுதாள், ஆனந்தத்தில்.

வாய்ப்பளித்த தலைவருக்கும், பொறுமையாய்ச் செவி கொடுத்த உங்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் என் நன்றி. யாருக்கும் ஒரு புள்ளிகூடக் குறைவில்லை. வணக்கம், ஸலாம்!