கைப்பிடியை விட்ட கை

இன்று 2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். மூனா மண்டபத்தில் நாற்காலிகள் நாற்பத்தேழு, போட்டவன் நான். அமர்ந்திருப்போர் நாற்பத்தாறு பேர். காலியாகக் கிடக்கும் அந்த ஒன்று என்னுடையது.

ஹோபார்ட் நகர மனநல ஆலோசகர்களின் ஞாயிறு திரை வட்டத்துக்குத் தலைமை தாங்கி, ஐந்தாண்டுகளாக என் அவசரத்தையும் தாங்கி வரும் டாக்டர் ஹெஸ்டர் டிலானி அவர்களே! பிறர் துயரைக் கேட்டுக் கேட்டுச் செவி சிவந்த சான்றோர்களே! வாரமெல்லாம் ஊரார் கண்ணீரைத் துடைத்துவிட்டு, ஞாயிறன்று தம் கண்ணீருக்கு இடம் தேடி வரும் தாய்மார்களே! பின்வரிசையில் பாதி தின்ற ஸ்காலப் சிப்பி அடைத்த பேஸ்ட்ரியோடு கைதட்டும் பெரியவர் ஆம்ப்ரோஸ் அவர்களே! மண்டபத்தின் ஒலியையும் ஒளியையும் பார்த்துக்கொள்ளும் இந்த டார்சியின் வணக்கம்.

இன்றைய படத்துக்கு முன் நன்றி சொல்ல மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். நான் மின்னணுவியல் படித்தவன். பழுது எது, பாகம் எது, பரிகாரம் எது? இந்த மூன்று கேள்விக்கு மேல் எனக்கு நான்காவது தெரியாது.

முதல் நாள் நினைவிருக்கிறதா? படம் முடிந்தது. ஒருவரும் அசையவில்லை. ஒருவரும் இருமவில்லை. படம் முடிந்ததே யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்து, அத்தனை விளக்குகளையும் ஒரே தட்டில் போட்டேன். "ஏங்க, படம் முடிஞ்சிருச்சு! எழுந்திரிங்க!" என்று கத்தினேன். நாற்பது பேரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். ஆம்ப்ரோஸ் சொன்னார்: "அடப்பாவி! தூங்குறவன் மூஞ்சில வாளித் தண்ணிய ஊத்திட்டியே!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகுதான் உங்கள் வழக்கம் எனக்குத் தெரிந்தது. படம் முடிந்ததும் இருட்டில் மௌனம். கடிகாரம் வைத்து அளந்தேன், நான்கு நிமிடம். பிறகு பேச்சு. எப்படிப்பட்ட பேச்சு! படத்தில் ஒருவன் கதவைச் சாத்துகிறான். ஏன் சாத்தினான் என்று நாற்பது நிமிடம். "கதவுன்னா சாத்தத்தாங்க செய்வாங்க!" என்று முனகியவன் நான்.

உங்களிடம் ஒரு சொல் உண்டு: கைப்பிடிப் பேச்சு. உங்களைத் தேடி வருபவர் ஐம்பது நிமிடமும் மழையைப் பற்றிப் பேசுவார். நேரம் முடிந்து, எழுந்து, கதவின் கைப்பிடியில் கை வைத்த பிறகு ஒரே ஒரு வரி சொல்வார். அதுதான் அவர் வந்த காரியம். வந்த காரியத்தைப் போகும்போதுதான் சொல்வார்களாம்! "அப்ப நாற்காலிய கதவுகிட்டயே போட்டுடுங்க, அம்பது நிமிஷம் மிச்சம்" என்றேன். என்னே என் அறிவு! என்னே என் அவசரம்!

சென்ற ஆண்டு ஜூலை 21. படத்தில் படகு கட்டும் ஒருவர் தன் பொருள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுகிறார். உளியை நண்பனுக்கு, நாயை அண்டை வீட்டுக்கு, எல்லாம் சிரித்த முகத்தோடு. கலந்துரையாடலில், உங்களில் ஒருவரான மோர்வென் பர்க் அம்மையார் ஒன்று சொன்னார்: "குடுக்குறான்னு பாக்காதீங்க. காலி பண்றான்னு பாருங்க."

எல்லோரும் கிளம்பினார்கள். கடைசியாக மோர்வென், கோட்டு மாட்டி, கைப்பிடியில் கை வைத்தார். நான் தரையில் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன். நிமிராமலே சொன்னேன்: "என் தம்பி கீரனும் இப்படித்தான். போன மாசம் அவனோட தூண்டில் கம்ப எனக்குக் குடுத்துட்டான். நல்ல கம்பு."

கைப்பிடியைப் பிடித்திருந்தவர் யார்? அவர். கைப்பிடிப் பேச்சு யாருடையது? என்னுடையது! என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கைக்குத் தெரிந்தது. அந்தக் கை கைப்பிடியை விட்டது.

பையை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"வேற என்ன குடுத்தான்?"

"நாய. பக்கத்து வீட்டுக்கு."

"ஃபோன் எடுக்குறானா?"

"பத்து நாளா இல்ல. சுரங்கத்துல வேலை அதிகமா இருக்கும்..."

"டார்சி, அந்த ஒயர கீழ வை."

வைத்தேன்.

"இங்க நான் உனக்கு டாக்டர் இல்ல. ஆனா கேட்டுட்டேன், கேக்காத மாதிரி போக முடியாது. இப்பவே போ. சாகணும்னு நெனைக்கிறியான்னு நேராக் கேளு. கேட்டா அந்த நெனப்பு வந்துடும்னு பயப்படாத."

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராதுங்க."

"அதான் உன்னைப் போகச் சொல்றேன்."

கீரனின் அண்டை வீட்டுக்காரரை ஃபோனில் அழைத்து, நான் சேரும்வரை கீரனோடு இருக்கச் சொன்னோம். அவன் வேலை செய்யும் சுரங்க ஊரான சீஹானுக்கு நான்கு மணி நேரம் வண்டி ஓட்டினேன். சமையலறையில் கீரன் உட்கார்ந்திருந்தான். கேட்டேன். பதில் இல்லை.

அவையோரே! விளக்கைப் போட எவ்வளவு துடித்திருப்பேன்! பேச்சை மாற்ற, தட்டிக்கொடுக்க, "ஒண்ணுமில்லடா" என்று மூட! போடவில்லை. மாற்றவில்லை. மூடவில்லை. உங்கள் இருட்டில் அதற்குள் நான்காண்டு பழகியவன் நான். நான்கு நிமிடம் இருந்திருக்கும். பிறகு கீரன் சொன்னான்: "ஆமா."

அன்றே மருத்துவமனைக்குப் போனோம். அதன்பின் பதினொரு மாதம். எளிதாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். இதையெல்லாம் அவனைக் கேட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லு, ஆனா இழுக்காத" என்றான். மூன்றாம் வரிசையில் இருக்கிறான். திரும்பிப் பார்க்காதீர்கள், வெட்கப்படுவான்... பார்த்துவிட்டீர்கள்.

மோர்வென் அம்மா, கதவுக்கு வெளியே அன்று உங்களுக்கென்று ஒரு வீடு இருந்தது, ஓய்வு இருந்தது, ஞாயிறு மிச்சமிருந்தது. அத்தனையையும் விட்டுத் தரையில் உட்கார்ந்தீர்களே, அதற்கு நன்றி. ஒரு கதவைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிய உங்கள் எல்லோருக்கும் நன்றி. பேசிப் பேசிப் பழகிய கைதான் அன்று கைப்பிடியை விட்டது.

இன்று காலை கீரன் என் சமையலறையில் நின்று கேட்டான்: "டேய், என் கம்ப எங்க வச்சிருக்க? திருப்பிக் குடு."

அதைவிட இனிய வசவை நான் கேட்டதில்லை! வாழ்க உங்கள் வட்டம்! வணக்கம். இனி நான் செய்யப்போவது:

1. இப்போது விளக்கை அணைப்பேன்.

2. படம் முடிந்தபின் நான்கு நிமிடம் ஸ்விட்சைத் தொடமாட்டேன். ஐந்தானாலும் கேட்கமாட்டேன்.

3. கடைசி ஆள் போகும்வரை கேபிள் சுருட்டமாட்டேன். வெறுங்கையோடு கதவருகே நிற்பேன்.

4. நாளை விடிந்ததும் கம்பை அவனிடம் கொடுப்பேன். எனக்கு வேறு வாங்கிக்கொள்வேன்.