விடாத சாபம்

அறிவழகன்: ...அதான் சொல்றேன், வாணாம்க்கா. பேரளியில எறங்கிடுவோம். எதுர வர்ற பஸ்ஸுல ஏறுனா மத்தியானச் சோத்துக்கு வூட்டுல இருக்கலாம்.

சுமதி: அரியலூருக்கு டிக்கெட் எடுத்தாச்சு. பேசாம வா.

அறிவழகன்: காய்ச்சல் வந்தாக்கூட மாவுக்கடைய சாத்துனவ இல்ல நீ. இன்னிக்கி சாத்திட்டு வர்ற... நாளைக்கி நம்ம தெருவே இட்டிலிக்கு என்னா பண்ணும்?

சுமதி: உப்புமா கிண்டித் திங்கட்டும். இந்தப் பையக் கொஞ்சம் புடி. சாய்க்காத, கொழம்பு இருக்கு.

அறிவழகன்: கொழம்பா? யாருக்கு?

சுமதி: ஆஸ்பத்திரிக்கி வெறுங்கைய வீசிக்கிட்டா போவாங்க?

அறிவழகன்: ஓ... அந்தாளுக்கு நீ கொழம்பு வச்சி எடுத்துக்கிட்டுப் போற.

சுமதி: நான் அப்பிடிச் சொன்னனா?

அறிவழகன்: வேற யாரு இருக்கா அங்க ஒனக்கு? கட்டுன பொண்டாட்டி நீ வூட்டுல இருக்க, குவாரியில சோறாக்கிப் போட்டவளக் கூட்டிக்கிட்டு அரியலூருக்குப் போனான். பன்னெண்டு வருசம் ஆச்சு. செத்தியா பொழைச்சியான்னு ஒரு போனு உண்டா? இப்பக் காலு போயிருச்சுன்ன ஒடன நீ—

சுமதி: மெதுவாப் பேசு. முன் சீட்டு அம்மா தூங்குற மாரி கேக்குது.

அறிவழகன்: கேக்கட்டுமே. கர்மா என்னான்னு நாலு பேரு தெரிஞ்சிக்கட்டும். ஏங்க்கா, அரியலூருல எத்தினி கல்லு லாரி ஓடுது? ஒன்னு மேல ஒன்னு முட்டிக்கிட்டு ஓடுது. அத்தனையில, டிப்பரத் தூக்கிக் கல்லக் கொட்டும்போது சாமிதுரை லாரி மட்டும் ஏன் சாயணும்?

சுமதி: பள்ளத்துல சக்கரம் எறங்குனா எவன் லாரியா இருந்தாலும் சாயும்.

அறிவழகன்: அந்தப் பள்ளத்த அங்க தோண்டி வச்சது யாரு? அதச் சொல்லு.

சுமதி: ஜேசிபிக்காரன்.

அறிவழகன்: நீ சிரி... சிரிச்சுக்க. ஒங்கண்ணுல தண்ணி வரவச்சவன் நல்லா இருக்க முடியாதுக்கா. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்கன்னு கேட்ட ஒடன நான் என்னா நெனச்சேன் தெரியுமா? ஆத்தா கண்ணத் தொறந்துட்டான்னு நெனச்சேன்.

சுமதி: நீதான் அப்பவே அவங்கம்மா வூட்டு வாசல்ல போயி மண்ண வாரித் தூத்துனியே.

அறிவழகன்: தூத்துனேன். ரெண்டு கையாலயும் வாரித் தூத்துனேன். இப்ப பலிச்சிருச்சில்ல?

சுமதி: காத்து எதுர அடிச்சி பாதி மண்ணு ஒங்கண்ணுலதான வுழுந்துச்சு. கண்ணு வீங்கி, நாந்தான ஒன்னக் கண்ணாஸ்பத்திரிக்கி இழுத்துக்கிட்டு அலஞ்சேன். அது யாரு கர்மாடா?

அறிவழகன்: அது... காத்துக்கா.

சுமதி: ஒனக்குன்னா காத்து. அவனுக்குன்னா கர்மா.

அறிவழகன்: சரி, என்ன வுடு. நீ? நீ ஒரு நாளும் அந்தாளுக்கு சாபம் வுடல? மனசத் தொட்டுச் சொல்லு.

சுமதி: வாயத் தொறந்து வுட்டதில்ல. உள்ளுக்குள்ள நெனச்சிருப்பேன். வெளங்க மாட்டான்னு நெனச்சேன். என்னா ஆச்சு? வூடு கட்டுனான். புள்ள பெத்தான். அந்தப் புள்ள இப்ப பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயத்துல மொதலா வருதாம். எஞ்சாபத்துக்கு அவ்வளவுதான் தெம்பு.

அறிவழகன்: லேட்டா வேல செய்யும்க்கா சிலது.

சுமதி: எதுத்த வூட்டுச் சேவல் இருக்கில்ல? மாவு ஆட்டி முடிச்சி நான் கண்ண மூடற நேரம் பாத்துக் கூவுது. தெனம் அத நாசமாப் போன்னு சொல்லிட்டுத்தான் படுக்குறேன். அது கொழுகொழுன்னு திரியுது.

அறிவழகன்: ...சேவலுக்கும் மனுசனுக்கும் ஒன்னா?

சுமதி: ஒன்னில்லதான். டேய் அறிவு, ஒன்னு கேக்குறேன். கோவப்படாம பதிலு சொல்லு.

அறிவழகன்: கேளு.

சுமதி: அவன் காலு போனது அவன் செஞ்ச பாவம்.

அறிவழகன்: சத்தியமா.

சுமதி: அப்ப எனக்குப் புள்ள இல்லாமப் போனது?

அறிவழகன்: ...அதப் போயி இதுல ஏங்க்கா இழுக்குற?

சுமதி: நான் இழுக்கல. ஊரே இழுத்துச்சு. போன ஜென்மத்துல பசுகிட்டேருந்து கன்னுக்குட்டியப் பிரிச்சவன்னு மாமியாரு சொன்னாங்க. கொழா தண்ணிக்கி நின்னா என் கொடத்துக்கு அடுத்து கொடம் வைக்க மாட்டாளுங்க. அவன் போனப்பக்கூட, போனவன யாரும் ஒன்னும் சொல்லல. அவ செஞ்ச வினை, அவ அனுபவிக்கிறான்னு என்னத்தான் சொன்னாங்க.

அறிவழகன்: அவங்க வாயி அழுவ.

சுமதி: அதே வாயிதான்டா இப்ப கர்மாங்குது. அவனுக்கு அது சரின்னா எனக்கும் சரின்னு ஆவுதில்ல? நீயே சொல்லு. நான் என்னா பண்ணேன்? சொல்லுடா.

அறிவழகன்: நீ ஒன்னும் பண்ணலக்கா. நீ என்னாத்தப் பண்ணுவ... எனக்கு வேட்டி தொவச்சிப் போட்டதத் தவிர.

சுமதி: மூக்க உறிஞ்சாத. பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாங்க.

அறிவழகன்: தூசி. அரியலூரு கிட்ட வந்துட்டோம்ல, சிமெண்டுத் தூசி.

சுமதி: ஆமா, இன்னும் சித்தளியே தாண்டல, அதுக்குள்ள சிமெண்டுத் தூசி.

அறிவழகன்: சரிக்கா. கர்மா இல்லன்னே வச்சிக்க. அதுக்காவ அந்தாள நம்ம வூட்டுக்குக் கூட்டியாந்துடாத. ஒன்னக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். மறுபடியும் நீ பட முடியாது.

சுமதி: எனக்கெதுக்குடா அந்தாளு? நான் மாவு ஆட்டி, எம்பாட்டுக்கு ராணி மாரி இருக்கேன். நான் அவனப் பாக்க வரல.

அறிவழகன்: பின்ன?

சுமதி: கலையரசியப் பாக்க வரேன்.

அறிவழகன்: யார? அவளயா? அவ—

சுமதி: காலு எடுத்த அன்னிக்கி எனக்குப் போன் பண்ணா. கடை போர்டுல இருக்கிற நம்பர யாருகிட்டயோ வாங்கிருக்கா. ஹலோன்னேன். அழுவுறா. யாருன்னு கேட்டா, அக்கா, வுட்ட சாபத்த எடுத்துக்கங்கக்காங்குறா.

அறிவழகன்: ...என்கிட்ட சொல்லவேல்லியே நீ.

சுமதி: சொல்லிருந்தா நீ போனப் புடுங்கி அவளத் திட்டுவ. நான் எந்தச் சாபமும் வுடலம்மான்னு எத்தினி தடவ சொன்னாலும் நம்பல. ஆஸ்பத்திரிக்கி வர்ற சனமெல்லாம் அவ மூஞ்சிக்கி நேரா சொல்லுதாம். இன்னொருத்தி வாழ்க்கையக் கெடுத்த, அதான் கேக்குது, இன்னிக்கி அவன் காலக் கேட்டுச்சு, நாளைக்கி ஒம்புள்ளயக் கேக்கும்னு.

அறிவழகன்: அடப்பாவிங்களா. அது பச்சப்புள்ளடா.

சுமதி: நேத்திக்கி மறுபடியும் பண்ணா. ஆள ஒங்ககிட்டயே ஒப்படைச்சிடுறேன், நான் புள்ளயக் கூட்டிக்கிட்டு ஜெயங்கொண்டம் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுறேன், எம்புள்ளய மட்டும் வுட்டுடுங்கன்னு. எனக்குச் சொன்ன அதே வார்த்தடா, ஆளு மாத்திச் சொல்றாங்க. எனக்காவது நீ இருந்த. வாசல்ல படுத்துக் கெடந்த. அவளுக்கு யாரு இருக்கா? என்னா, கர்மா பேச்சே காணும்?

அறிவழகன்: எறங்கு. அரியலூரு வந்துருச்சு.

*

சுமதி: எம்மாம்பெரிய ஆஸ்பத்திரி. எந்தப் பக்கம் போவணும்னே தெரியலியே.

அறிவழகன்: இப்பிடியே நேராப் போயி, மாடி ஏறி, கடேசி வார்டு. வராண்டாவுல பெஞ்சு கெடக்கும்.

சுமதி: ஒனக்கெப்பிடித் தெரியும்?

அறிவழகன்: எல்லா ஆஸ்பத்திரியும் அப்பிடித்தான கட்டுறாங்க. நீ போ. நான் இங்க டீக்கடையில நிக்கிறேன்.

சுமதி: ஏன், நீயும் வந்தா என்னா?

அறிவழகன்: எனக்கு அந்தாள் மூஞ்சியில முழிக்கப் புடிக்கல. போக்கா.

*

சுமதி: கலையரசி... கலையரசிதான?

கலையரசி: ...அக்கா?

சுமதி: எந்திரிக்க வாணாம், உக்காரு. போட்டோவுல பாத்ததவிட எளச்சிட்ட. புள்ள எங்க?

கலையரசி: உள்ளாற அவங்கப்பாகிட்ட இருக்குது. அக்கா, நீங்க வந்துட்டீங்களா... நான் எல்லாம் கட்டி வச்சிட்டேன். இந்தா கெளம்பிடுறேன்.

சுமதி: இந்தப் பையி அதுக்குத்தானா?

கலையரசி: ஆமாங்க்கா. அவரு மருந்து மாத்தரையெல்லாம் அலமாரியில இருக்கு. நர்சம்மா சொல்லுவாங்க. எம்புள்ளயப் பாத்து மட்டும் ஒரு வார்த்த...

சுமதி: நான் ஆள வாங்கிட்டுப் போவ வரலம்மா.

கலையரசி: அக்கா, ஒங்க காலப் புடிச்சிக்கிறேன்—

சுமதி: கால வுடு. வுடும்மா. இங்க பாரு. நான் ஒனக்கும் சாபம் வுடல, ஒம்புருசனுக்கும் வுடல, ஒம்புள்ளைக்கி ஏன் வுடப் போறேன்? லாரி சாஞ்சா காலு போவும். அதுல நான் எங்க இருக்கேன்?

கலையரசி: நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. ஆனா ஒங்க வயிறு எரிஞ்சிருக்குமில்ல... அது வார்த்த சொல்லாட்டியும் வந்து புடிக்கும்ங்குறாங்களே. நேத்து எம்புள்ள பிரவீணா மாடிப்படியில தடுக்கி வுழுந்துச்சுக்கா. முட்டியில ரத்தம். அதப் பாத்த ஒடனதான் இந்தப் பையக் கட்டுனேன்.

சுமதி: ஓடுற புள்ள வுழுவாம இருக்குமா? எத்தினி நாளா சாப்புடல நீ?

கலையரசி: எறங்க மாட்டேங்குதுக்கா.

சுமதி: சரி. நான் எவ்வளவு சொன்னாலும் நீ நம்பப் போறதில்ல. அப்பிடித்தான?

கலையரசி: நம்பணும்னுதான் பாக்குறேன்...

சுமதி: சாபத்த எடுத்துக்கன்னு கேட்டல்ல?

கலையரசி: ஆமாங்க்கா.

சுமதி: தலையக் குனி. இந்தத் துன்னூறு எங்கூரு அம்மன் கோயில்ல வாங்கி முந்தானையில முடிஞ்சது. கண்ண மூடிக்க... கலையரசிக்கும் அவ புள்ள பிரவீணாவுக்கும் நான் என்னா வுட்டிருந்தாலும், தெரிஞ்சி வுட்டிருந்தாலும் தெரியாம வுட்டிருந்தாலும், எல்லாத்தையும் நானே எடுத்துக்கிட்டேன். என்னோட சரி. அந்தப் புள்ள நல்லா ஓடி, மொதலா வரட்டும். போதுமா?

கலையரசி: அவருக்கும் சொல்லுங்கக்கா.

சுமதி: ...அவனுக்கும். முழிச்சிப் பாரு. அழுவாத. அழுதா துன்னூறு கரையும்.

கலையரசி: எடுத்துக்கிட்டேன்னா... ஒங்களுக்கு ஒன்னும் ஆவாதே?

சுமதி: எனக்கு ஒன்னும் ஆவாது. எதுத்த வூட்டுல ஒரு சேவல் இருக்கு, அதுகிட்ட குடுத்துர்றேன்.

கலையரசி: என்னாக்கா?

சுமதி: ஒன்னுமில்ல. அந்தத் துணிமணிப் பையக் கொண்டு போயி உள்ள வை. சோறு திங்கலாம். மொச்சக்கொட்ட போட்டுக் கருவாட்டுக் கொழம்பு... அட, பையி அவன் கையிலயே போயிருச்சே. இரு, போன் போடுறேன். டேய், கொழம்ப எடுத்துக்கிட்டு மேல வா... வாச்மேன்கிட்டல்லாம் குடுத்தனுப்பாத. நீ வா. வான்னு சொல்றேன்ல?

கலையரசி: யாருக்கா?

சுமதி: எந்தம்பி. வாயி மட்டும்தான். இந்தா வரான் பாரு, பூன மாரி.

கலையரசி: அண்ணே... நீங்களா? நீங்க ராத்திரிதான வருவீங்க?

சுமதி: யாரு, இவனா?

கலையரசி: ஆமாங்க்கா. எங்க வூட்டுக்காரரோட லாரி ஓட்டுனவராம். ஆம்பளைங்க வார்டுல ராத்திரி பொம்பளைங்கள தங்க வுட மாட்டாங்க. என்னா பண்றதுன்னு அழுதுக்கிட்டு நின்னப்ப இந்த அண்ணந்தான் வந்து நின்னாரு. அன்னிலேருந்து தெனம் வந்து அவரு கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுப் படுத்துக்கிறாரு. அந்தத் தோசையத் திங்கத்தான் அவரு வாயத் தொறக்குறாரு.

சுமதி: எந்தத் தோச?

கலையரசி: அண்ணன் டிபன் பாக்ஸுல கொண்டாருவாரு. அவரு அதத் தின்னுட்டு மூஞ்சத் திருப்பிக்கிட்டு அழுவாரு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாரு... அக்கா, இவருதான் ஒங்க தம்பியா?

சுமதி: அறிவழகா.

அறிவழகன்: ...ம்.

சுமதி: மில்லுல நைட் சிப்டு, ரெண்டு தோச சேத்து சுடுக்கான்னு வாங்கிட்டுப் போனியே.

அறிவழகன்: கொழம்பு ஆறுதுக்கா, மொதல்ல அந்தப் புள்ளைக்கிப் போடு.

சுமதி: பஸ்ஸு பூரா கர்மா, கர்மான்னு வந்தியேடா. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

அறிவழகன்: கர்மா அது பாட்டுக்கு இருக்கட்டும்க்கா. அதுக்காவ... ராத்திரி ஒண்ணுக்கு வந்தா, மாமாவத் தூக்கி உக்கார வைக்க ஒரு ஆளு வாணாமா?