வேலிக்கு அந்தப் பக்கம்

நுவரெலியாவிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ் நானுஓயாவைத் தாண்டியிருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்:

"எங்க குதிர இன்னும் எங்க வீட்டுக்காரரு மூஞ்சில முழிக்க மாட்டேங்குதுக்கா."

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"ஏன், என்ன செஞ்சாரு?"

"போன வாரம் காயடிச்சோம்ல. ஊசி போட்டது, அறுத்தது எல்லாம் டாக்டரு. கயித்தப் புடிச்சிகிட்டு நின்னது மட்டுந்தான் இவரு. கோவம் பூரா இவரு மேல."

"கிட்டப் போனா?"

"பின்னங்காலத் தூக்குது. வீக்கம் வத்தணும்னா தெனமும் நடத்தணுமாம். கொழுந்தெடுத்துட்டு வந்து நான்தான் நடத்துறேன். ஏப்ரல் சீசன் வருது. ஏரிக்கரையில ஆளுங்கள ஏத்திகிட்டு கூட நடக்க வேண்டியவரு அவரு. இப்படியே இருந்தா என்னக்கா பண்றது?"

"மத்த குதிரைங்களோட விட்டாச்சா?"

"ஒடனே விடக்கூடாதாம். பொட்டக் குதிரகிட்ட ஆறு வாரத்துக்கு ஆகவே ஆகாது, இன்னும் சினையாக்கிருமாம். மத்ததுங்கள மொதல்ல வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, மோந்து பாத்துப் பழக விடணும்னாரு டாக்டரு."

"அப்ப வேலிக்கு அந்தப் பக்கம் இப்ப எந்தக் குதிர நிக்குது?"

"குதிர எங்கக்கா. அவருதான் நிக்கிறாரு. காலையில ஒரு கேரட்டு, பொழுதுசாய ஒரு கேரட்டு."

"வாங்குதா?"

"வாங்கிக்கிது. மூஞ்சத் திருப்பிகிட்டு திங்குது."